முளையிலேயே விலை பேசப்படும் பயிர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். முளையை மட்டும் பார்த்து விலை பேசும் சந்தை ஒன்று இருந்தால், அங்கே இப்பழமொழி எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? அமெரிக்க பேஸ்பால் விளையாட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இந்தச் சோதனையை நடத்தி வருகிறது. அங்கே இளம் வீரர்களை வளர்க்கும் ஏற்பாட்டுக்குப் பெயரே 'பண்ணை முறை'தான்.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நிர்வாகியாக இருந்த பிராஞ்ச் ரிக்கி 1920-களில் இம்முறைக்கு உருக்கொடுத்தார். தேர்ந்த வீரர்களை விலைக்கு வாங்கச் செல்வந்த அணிகளோடு போட்டியிட முடியாத நிலையில், சிற்றூர் அணிகளைக் கைவசப்படுத்தி, அங்கேயே வீரர்களை உருவாக்க முனைந்தார். இன்று மேஜர் லீகின் 30 அணிகளுக்கு, தலா நான்காக 120 கிளை அணிகள் உள்ளன.

இந்தப் பண்ணையில் மிகவும் விரும்பப்படும் பயிர் 'ஷார்ட்ஸ்டாப்'. இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்று, சீறிவரும் பந்தைப் பிடித்து, நொடிப்பொழுதில் முதல் தளத்துக்கு எறிய வேண்டியவர் இவர். வேகம், கைவலு, நிதானம் மூன்றும் ஒருவரிடமே அமைய வேண்டும். இவ்விடத்தில் ஆடத் தெரிந்தவரை வேறு இடங்களுக்கு மாற்றுவது எளிது. மற்றவரை இங்கே கொண்டுவருவது கடினம். மிக்கி மேன்டில் ஷார்ட்ஸ்டாப்பாகத் தொடங்கி, வெளிக்களத்தில் புகழ்பெற்றார். பொருளியலில் இதனைத் 'தெரிவுரிமையின் மதிப்பு' என்போம். ஷார்ட்ஸ்டாப்பை ஒப்பந்தம் செய்யும் அணி, ஓர் ஆட்டக்காரரோடு பல வாய்ப்புகளையும் சேர்த்தே வாங்குகிறது.

அந்த மதிப்பை அளப்பது எப்படி? அடிக்கும் திறன், அடியின் வலு, ஓட்டம், தடுப்பு, எறிதல் ஆகிய ஐந்துக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுகிறார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. இன்று எப்படி ஆடுகிறார் என்பதற்கு ஓர் எண், நாளை எப்படி ஆடுவார் என்பதற்கு இன்னோர் எண். முதலாவது அளவீடு, இரண்டாவது ஊகம். விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஊகம் எங்கே தடுமாறும் என்பதற்கு இரண்டு சான்றுகள். டெரெக் ஜீட்டர் 1993-இல் நியூயார்க் யாங்கீஸின் கிளை அணியில் 56 பிழைகள் செய்தார். எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால், அவரை அப்போதே வேறிடத்துக்கு மாற்றியிருப்பார்கள். ஆனால் மற்றவர் எட்டவே முடியாத பந்தைத் தொட்டுத் தவறவிடுபவர் கணக்கிலும் பிழை ஏறக்கூடும் என்பதை அந்த எண் சொல்லாது. 1996-இல் அவர் ஆண்டின் சிறந்த புதுமுக வீரரானார்.

இரண்டாமவர், டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியர். 16 வயதில் அவரை ஒப்பந்தம் செய்த சிகாகோ வைட் சாக்ஸ், தன் பண்ணையில் ஒரு போட்டிகூட ஆடவிடாமல், 2016-இல் அனுபவமிக்க பந்துவீச்சாளர் ஒருவருக்கு ஈடாக அவரை சான் டியேகோவுக்கு அனுப்பிவிட்டது. 2021-இல் சான் டியேகோ அவருக்கு 14 ஆண்டுகளுக்கு 34 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பின்னர் அவரும் வெளிக்களத்துக்கே மாறினார்.

இவற்றைக் கொண்டு தேர்வாளர்களைக் குறைகூற வேண்டியதில்லை. பதினாறு வயது உடலும் மனமும் எவ்வாறு வளரும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் கேள்வி வேறு: அந்த உறுதியின்மையின் சுமை யார் தலையில் விழுகிறது? நூறு இளைஞர்களை ஒப்பந்தம் செய்யும் அணி, தொண்ணூறு பேர் தோற்றாலும் பத்துப் பேரால் ஈடுகட்டிக்கொள்ளும். முதலீட்டைப் பல கூடைகளில் பிரித்து வைப்பது அதற்குக் கைவந்த கலை. இளைஞனிடம் இருப்பதோ ஒரே வாழ்வு. தன்னை நூறாகப் பிரித்துக்கொள்ள அவனால் முடியாது.

இதற்குச் சந்தையே ஒரு மருந்து கண்டது. இளம் வீரருக்கு முன்பணம் தந்து, பிற்கால ஊதியத்தில் பங்கு கேட்கும் நிறுவனங்கள் தோன்றின. தோற்றால் திருப்பித் தர வேண்டாம். வென்றால் பங்கு தர வேண்டும். டாடிஸும் அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரே. 2025-இல் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். இடர்க்காப்பு தேவை என்பதை மறுப்பதற்கில்லை. அதை வறுமையில் இருக்கும் பதின்வயதினர் தம் எதிர்காலத்தை விற்றுப் பெற வேண்டியிருப்பதுதான் கோளாறு.

2023-இல் இளநிலை வீரர்களுக்கு முதன்முறையாகக் கூட்டு ஊதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. தொடக்கநிலை வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 4,800 டாலரிலிருந்து 19,800 டாலராக உயர்ந்தது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் டொமினிக்கன் பயிற்சிக் கூடங்களில் ஆடும் இளைஞர்கள் அந்த ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. அதிக இடரைச் சுமப்பவர்களே பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள்.

2022-இல் கையெழுத்தான மேஜர் லீக் ஒப்பந்தத்தின் காலவரை 2026 டிசம்பர் 1. வெளிநாட்டு இளைஞர்களைப் பொதுத் தேர்வு முறையில் எடுப்பதா என்ற பழைய வாதம் அடுத்த பேச்சுவார்த்தையிலும் எழும். எந்த முறை வந்தாலும் இரண்டு கடமைகள் அணிகளுக்கு வேண்டும் என்பேன். பயிற்சிக் கூடத்தில் சேரும் ஒவ்வோர் இளைஞனுக்கும் பள்ளிப் படிப்பை முடிக்கும் செலவு முதலாவது. அவனைப் பற்றித் திரட்டும் அளவீடுகளை அவனிடமே தருவது இரண்டாவது. அறுவடையில் பெரும்பங்கு கொள்பவர், கருகிய நாற்றுக்கும் பொறுப்பேற்பதே நியாயமான பண்ணையம்.