ஏட்டில் மட்டும் ஆறு மாதம்

வாய்தா நாளன்று நவி மும்பையின் கோபர்கைரனே நிலையத்தில் தானே போகும் வண்டிக்கு நிற்பவரின் பையில் சாப்பாட்டு டப்பாவும் மூலை மடங்கிப்போன வழக்குக் கட்டும் இருக்கும். நீதிமன்ற வராந்தாவில் பெயர் கூப்பிடும்வரை காத்திருந்து உள்ளே போனால், இரண்டே நிமிடம். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. அடுத்த 'தாரீக்' இரண்டு மாதம் கழித்து. ஒருநாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

ஒருவர் கேட்டு மற்றவர் மறுக்கும் விவாகரத்து வழக்கு இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் நகர்கிறது. சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 1976-இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 21பி பிரிவு, நோட்டீஸ் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது. அதே சட்டம் இடைக்கால ஜீவனாம்ச மனுவுக்கு 60 நாள் கொடுக்கிறது. 'இயன்றவரை' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் ஏட்டுச் சுரைக்காய் ஆக்கிவிட்டோம்.

விவாகரத்தை மறுப்பவர்களில் மனதாரச் சேர்ந்து வாழ விரும்புகிறவர்களும் உண்டு. அவர்கள் தரப்பை முழுமையாகக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் இழுத்தடிப்பதால் அவர்களுக்கும் பயனில்லை. கையில் காசுள்ளவர் தாக்குப்பிடிக்கிறார். இல்லாதவர் களைத்துப்போய், கேட்ட தொகையில் பாதிக்குக் கையெழுத்திடுகிறார். அதைச் சமரசம் என்று பதிவது நியாயமல்ல.

மும்பைத் தமிழ்ப் பெண்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடும் உரிமை 2003 முதல் மனைவிக்கு இருக்கிறது. ஆனால் கணவர் முந்திக்கொண்டு திருநெல்வேலியில் போட்டுவிட்டால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் தாதரிலிருந்து ஒன்றரை நாள் ரயில் பயணம். இல்லையேல் வழக்கை இங்கே மாற்றக் கேட்டு உச்சநீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இந்த அலைச்சலுக்குக் காணொலியே மாற்று. சமரச முயற்சி தோற்ற பிறகு, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் காணொலி விசாரணை என்று 2017-இல் உச்சநீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதில் மாறுபட்ட நீதிபதி சந்திரசூட்டின் பக்கமே நாம் நிற்கிறோம்.

நாள் குறித்து வழக்கை முடிக்க முடியாது என்பதும் சரியல்ல. 2025 மார்ச்சில், ஒரு கிரிக்கெட் வீரருக்கு ஐபிஎல் ஆட்டங்கள் இருப்பதைக் கருதி, அவரது விவாகரத்து வழக்கில் மறுநாளே முடிவெடுக்கும்படி பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்துக்கு மும்பை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது, அவ்வாறே முடிந்தது. அது இருவரும் சம்மதித்த வழக்கு, ஒப்புக்கொள்கிறோம். வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வருகிறவரின் நாளுக்கும் அந்த மதிப்பைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

முதல் வாய்தாவிலேயே சாட்சியம், குறுக்கு விசாரணை, வாதம் ஆகியவற்றுக்குத் தேதி குறிக்க வேண்டும். காரணமின்றித் தள்ளிவைக்கக் கேட்பவர், வந்து காத்திருந்தவரின் அன்றைய செலவைக் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கும் பொறுப்புண்டு. மீட்க முடியாமல் முறிந்த மணவாழ்க்கையை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கச் சட்ட ஆணையம் 1978-லும் 2009-லும் பரிந்துரைத்தும் அது சட்டமாகவில்லை. 2023-இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் காரணத்தை ஏற்றாலும், அதன்படி விவாகரத்து தரும் அதிகாரம் உச்சநீதிமன்றத்துக்கு மட்டுமே. தானே குடும்ப நீதிமன்றத்துக்கு அது கிடையாது.

காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இடைக்கால ஜீவனாம்ச மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். மனு போட்ட நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று வழக்கைக் கைவிடவும் வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. அதற்கு வருமான வரம்பு இல்லை.