மூன்று பெயர் கண்ட தொகுதி

கொற்கை, பாண்டியர்களின் பழைய துறைமுகம். முத்துக்குப் பேர் போன ஊர். இன்று அங்கே போனால் வயலும் வாழையும்தான் தெரியும். கடலைக் காண முடியாது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண், கடலைச் சில மைல் தள்ளிவிட்டது.

கடற்கரை நகர்ந்தது போலவே, இந்த ஊர் மக்கள் ஓட்டுப் போடும் தொகுதியின் எல்லையும் நகர்ந்திருக்கிறது. அதை நகர்த்தியது ஆறு அல்ல. மனிதர் போட்ட கோடு!

பெயர் மாறிய கதை

1952-ம் ஆண்டு முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அப்போது இந்த வட்டாரத்துப் பாராளுமன்றத் தொகுதிக்கு ஸ்ரீவைகுண்டம் என்று பெயர். 1957-ல் அது திருச்செந்தூர் தொகுதி ஆயிற்று.

1962-ல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி இங்கே போட்டி இன்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆகவே அந்தத் தடவை பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போடும் வேலையே மக்களுக்கு இல்லை.

பிறகு ஓய்வு பெற்ற சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஒரு கமிஷன் நாடு முழுவதும் எல்லைகளைத் திருத்தியது. 2008-ல் அது அமலுக்கு வந்தது. திருச்செந்தூர் பாராளுமன்றத் தொகுதி மறைந்தது. ராதாபுரமும் நாங்குநேரியும் திருநெல்வேலித் தொகுதிக்குப் போயின. சிவகாசித் தொகுதியில் இருந்த கோவில்பட்டியும் விளாத்திகுளமும் இங்கே வந்து சேர்ந்தன.

இப்படிப் பிறந்ததுதான் தூத்துக்குடித் தொகுதி. முதல் தேர்தல் நடந்தது 2009-ல். 2019, 2024 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் கனிமொழி வெற்றி பெற்றார்.

ஒரு தொகுதி, நான்கு நிலம்

தூத்துக்குடி, திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், ஒட்டப்பிடாரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் ஆகிய ஆறு சட்டசபைத் தொகுதிகள் இதில் அடங்கும்.

வடக்கே கரிசல் காடு. பருத்தி, கம்பு, மிளகாய், தீப்பெட்டித் தொழில். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் உண்டு. நடுவே ஆற்றுப் பாசனம், நெல், வாழை. தெற்கே தேரி மணல், பனைமரம், உடன்குடி கருப்பட்டி. கிழக்கே மீனவர் குடியிருப்பு, உப்பளம், துறைமுகம். முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை.

கரிசல்காரனுக்கு மழை வேண்டும். உப்பளக்காரனுக்கு வெயில் வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணைத் தண்ணீர் வயலுக்கா, ஆலைக்கா என்ற வழக்கும் பழையது. இத்தனை பேருக்கும் டெல்லியில் குரல் ஒன்றுதான்!

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வயல், உப்பளம், வீடு எதையும் வெள்ளம் விட்டு வைக்கவில்லை. அப்போது நான்கு நிலத்தாருக்கும் கஷ்டம் ஒன்றாகவே வந்தது.

41 ஏன் 39 ஆயிற்று?

1962-ல் சென்னை மாநிலத்துக்குப் பாராளுமன்றத்தில் 41 இடங்கள் இருந்தன. 1967-ல் அது 39 ஆயிற்று. ஜனத்தொகைக் கணக்கில் மற்ற மாநிலங்களைவிடப் பின்தங்கியதே காரணம்.

1976-ல் மாநிலங்களுக்கு உள்ள இடங்களின் எண்ணிக்கையை மாற்றாமல் நிறுத்தி வைத்தார்கள். குடும்பக்கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதனால் நஷ்டப்படக்கூடாது என்பது நோக்கம். 2001-ல் செய்த அரசியல் சட்டத் திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கு வெளிவரும் வரை இதை நீட்டித்தது. தமிழ்நாட்டில் கவலை எழுந்தது இதனால்தான். “ஜனம் பெருகிய எங்கள் ஊரில் ஓர் ஓட்டுக்கு மதிப்புக் குறையலாமா?” என்று வட மாநிலத்தார் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

கனடா காட்டிய வழி

கனடா நாட்டிலும் இதே சிக்கல் வந்தது. கியூபெக் என்பது பிரெஞ்சு பேசும் மாகாணம். புதுக் கணக்குப்படி அதன் 78 இடங்களில் ஒன்று குறைய இருந்தது. எந்த மாகாணத்துக்கும் இருந்த இடம் குறையாது என்று 2022-ல் சட்டம் செய்தார்கள். 78 நிலைத்தது.

அதே நாட்டின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் அகாடி-பாதர்ஸ்ட் என்ற தொகுதி இருக்கிறது. அங்கே பெரும்பாலோர் பிரெஞ்சு பேசுகிறவர்கள். அவர்களில் சில ஊராரைப் பிரித்து, ஆங்கிலம் மிகுந்த பக்கத்துத் தொகுதியில் சேர்த்தார்கள். ஊரார் கோர்ட்டுக்குப் போனார்கள். 2004-ல் தீர்ப்பு அவர்கள் பக்கம் கிடைத்தது. மறு வருடம் சட்டம் செய்து எல்லையைத் திருத்தினார்கள்.

கேட்டதால்தான் கிடைத்தது!

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. 2002-ம் ஆண்டுச் சட்டப்படி, கமிஷன் தன் திட்டத்தை முதலில் வெளியிட வேண்டும். ஆட்சேபங்களை வாங்க வேண்டும். பொதுக் கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும்.

ஓட்டுச்சாவடிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அடுத்த முறை கோடு போட வரும்போது, கரிசல்காரரும் கடற்கரைக்காரரும் சேர்ந்தே அந்தக் கூட்டத்துக்குப் போகவேண்டும். யாரோடு யார் சேர்வது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவேண்டும்.

கோடு போட்ட பிறகு வருந்திப் பயன் இல்லை.