புள்ளிக்குக் கிடைத்த அறை



காசு கொடுக்காமல் ஓட்டலில் தங்கலாம் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? என் தாயார் நம்பவில்லை. "சும்மா கொடுக்க அவனுக்கென்ன, நம்ம மாமனா மச்சானா?" என்றார்.

விஷயம் இதுதான். என் தம்பி கோலாலம்பூரில் வேலை செய்கிறான். அலுவல் காரணமாக அடிக்கடி வெளியூர் போய் ஓட்டலில் தங்குவான். தங்கும்போதெல்லாம் அவன் கணக்கில் புள்ளிகள் சேரும். மளிகைக் கடையில் கூப்பன் சேர்த்துப் பீங்கான் தட்டு வாங்குவதைப் போலத்தான் இதுவும். ஆனால் புள்ளிகளுக்கு ஆயுள் உண்டு. மரியாட் நிறுவனத்தில் 24 மாதங்கள் கணக்கில் அசைவே இல்லையென்றால் எல்லாம் போய்விடும். ஐ.எச்.ஜி.யில் சாதாரண உறுப்பினருக்கு 12 மாதங்கள்தான். அக்கோரில் 2000 புள்ளிகளுக்கு 40 யூரோ கழிவு. உங்கள் பிள்ளைகளிடமும் இப்படி ஏதாவது தூங்கிக்கொண்டிருக்கலாம்; கேட்டுப் பாருங்கள்.

தம்பி அம்மா பெயரில் ஓர் இரவுக்கு அறை பதிந்தான். துணைக்கு நான். அது பழைய கடைவீட்டைப் புதுப்பித்த சிறிய ஓட்டல். 'பூட்டிக்' ஓட்டல் என்கிறார்கள். சில அறைகள்தான், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி.

நுழைந்ததும் முன்பணமாக 100 வெள்ளி கேட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்து, "வா, போயிடலாம்" என்றார். பயப்பட வேண்டாம், அறையைக் காலி செய்யும்போது அது திரும்பி வரும். ரொக்கமாகக் கட்டினால் உடனே கைக்கு வரும். வங்கிக் கார்டில் பிடித்துவைத்தால் சில நாட்களாகும். ஆகவே பஸ் காசைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அடையாளக் கார்டு. அம்மா சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது சிவப்புக் கார்டு. பிறந்ததும் பால்மரம் வெட்டியதும் இந்த மண்ணில்தான். பதிவுப் பத்திரம் இல்லாமல் போனதால் இன்றுவரை சிவப்புதான். முகப்பில் இருந்த இளைஞர் அதைப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டவருக்குச் சுற்றுலா வரி 10 வெள்ளி" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். 10 வெள்ளி போகட்டும், அந்தச் சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நம் தோட்டங்களில் இன்னும் சிவப்புக் கார்டு வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். 2017 செப்டம்பரில் வந்த இந்த வரி, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. குடிமக்களுக்கும் கிடையாது, நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. சிவப்புக் கார்டுக்காரர் நிரந்தரவாசி. நான் இதைச் சொன்னதும் அந்த இளைஞர் உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டு வந்தார். "மன்னிச்சிடுங்க பாட்டி" என்று தமிழிலேயே சொன்னார். நம் பிள்ளைதான்!

புள்ளிக்கு அறைதான் கிடைக்கும். பசியாறலும் அதில் சேருமா என்பதைப் பதியும்போதே கேட்டுவிடுங்கள். எங்களுக்குச் சேரவில்லை. விலைப் பட்டியலைப் பார்த்த அம்மா, மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு ஒட்டுக்கடைக்கு என்னை இழுத்துப் போய்விட்டார். கிளம்புமுன் படுக்கை விரிப்பை நான்காக மடித்து வைத்தார், துவைப்பவருக்குச் சிரமம் கூடாதாம்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டார்: "தம்பிகிட்ட இன்னும் எத்தனை புள்ளி இருக்கும்?"