கல்குடாவின் சுழியோடிகளும் சிங்க இறாலின் விலையும்

பாசிக்குடாவில் கடலுக்குள் வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவு நீர்தான் என்று வெளியூராரிடம் நாம் பெருமையாகச் சொல்வதுண்டு. கல்குடாவிலிருந்து படகேறி வெளிக்கடலுக்குப் போகிறவனுக்கு அந்தப் பெருமை பயன்படாது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் அக்கடலில் ஏறத்தாழ 24 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய 'ஹெர்மிஸ்' போர்க்கப்பல் 50 மீற்றருக்கும் கீழே. பாறைப் பொந்துகளிலும் இத்தகைய இரும்புச் சிதைவுகளிலும் பகலெல்லாம் பதுங்கியிருப்பது சிங்க இறாலின் இயல்பு. அதனைத் தேடிப் போகிறவனும் அங்கேதான் போயாக வேண்டும்.

2009இல் யுத்தம் முடிந்த பின்னர் பாசிக்குடாவில் பெரிய விடுதிகள் எழுந்தன. உல்லாசப் பயணிகளும் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இதே கடலில் இறங்குகிறார்கள். அவர்களது மணிக்கட்டில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி இருக்கிறது. பக்கத்தில் பயிற்றுநர் இருக்கிறார். சிங்க இறால், கடலட்டை, சங்கு என்று தொழிலுக்காக இறங்கும் சுழியோடிக்கோ பெரும்பாலும் அனுபவம் ஒன்றுதான் துணை. அந்த அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சிலிண்டர் விடயத்தில் அந்த அனுபவமே சில வேளைகளில் எதிரியாகிவிடுகிறது.

மூச்சடக்கிக் குளிப்பது நமது கரையோரங்களின் பழைய தொழில். அப்படிப் பழகியவன் மேலே வரும்போது மூச்சை அடக்கியபடியே வருவான். சிலிண்டரில் சுவாசித்தவன் அப்படி வந்தால், 10 மீற்றரில் நெஞ்சை நிரப்பிய காற்று மேற்பரப்பை அடைவதற்குள் இரண்டு மடங்காக விரிய முயலும். நுரையீரல் கிழிந்து காற்றுக் குமிழ் மூளைக்குப் போய்விடும். இதற்குப் பெரிய ஆழம்கூடத் தேவையில்லை. மேலெழும்போது மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பதே சிலிண்டர்ச் சுழியோட்டத்தின் முதற் பாடம்.

இன்னொரு மயக்கம் பெயரிலேயே இருக்கிறது. 'ஒட்சிசன் சிலிண்டர்' என்று நாம் சொல்வதில் வழக்கமாக இருப்பது வெறும் காற்று. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். 20 மீற்றரில் அமுக்கம் மேற்பரப்பைப் போல் மூன்று மடங்கு. அந்த அமுக்கத்தில் நைதரசன் உடலில் கரைந்து தங்குகிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது போல, அது இரத்தத்திலும் முள்ளந்தண்டிலும் குமிழியாகிறது. முதலில் மூட்டு வலி, விறைப்பு. பிறகு கால்கள் இயங்காமை, சிறுநீர் போகாமை. கரைக்கு வந்து சில மணி நேரம் கழித்தே தெரியவரும் என்பதால், அசதி என்று படுப்பதும் வாதம் என்று எண்ணெய் தேய்ப்பதும் நடந்துவிடுகிறது.

சிங்க இறால் வேட்டை இந்த ஆபத்துகளை இன்னும் கூட்டுகிறது. கண் பொந்தில் இருக்கும், மானியில் இருக்காது. துரத்துகிறவனுக்குக் காற்று விரைவாகத் தீரும். பை நிறையும் நேரத்தில் 'இன்னும் ஒன்று' என்று மனம் சொல்லும். பிடித்த நிறைக்கே காசு என்றால் ஒரே நாளில் அடுத்த சிலிண்டரும், அதற்கடுத்ததும் முதுகில் ஏறும். முந்தைய இறக்கத்தின் நைதரசன் வெளியேறு முன்னரே புதியது சேரும். இதனை ஏழையின் பேராசை என்று சொல்பவர்களுடன் நான் உடன்படுவதில்லை. கூலி அப்படி வகுக்கப்பட்டிருக்கிறது.

ஹொண்டுராஸ் நாட்டின் மிஸ்கிட்டோ பழங்குடியினரின் கதை இதுவேதான். அமெரிக்கச் சந்தைக்காகச் சிங்க இறால் பிடிக்க இறக்கப்பட்ட அவர்களில் 42 பேரின் வழக்கு அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றது. அவர்களில் 34 பேர் ஆழ்கடல் இறக்கங்களால் பாதிக்கப்பட்டவர்கள். அந்த 34 பேரில் 12 பேர் இறந்தே போனார்கள். 2021 ஆகஸ்ட் 31 தீர்ப்பில் அரசின் பொறுப்பு உறுதி செய்யப்பட்டது. தனியார் படகு முதலாளிகளின் தொழில் என்று அரசு கையை உதற முடியவில்லை என்பதே நமக்கு முக்கியம்.

நம்மவர் செய்யக்கூடியவை பெரிய செலவானவை அல்ல. நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் வேகமாக எழாதிருத்தல், 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்தல், ஆழமான இறக்கத்தை முதலில் முடித்தல், தனியே இறங்காமை, படகில் ஒருவர் விழித்திருத்தல். வலி வந்தவனை மீண்டும் கடலில் இறக்கிக் குணப்படுத்த முனைவது அவனைக் கொல்லக்கூடும். அவனுக்கு வேண்டியது உண்மையான ஒட்சிசன், பிறகு அமுக்க அறை. அது திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. கல்குடாவிலிருந்து தரைவழியே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். (விடுமுறைக்கு வந்து ஊர்ப் பொடியன்களோடு இறங்கும் புலம்பெயர்ந்த தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: பல முறை இறங்கிய பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறாதீர்கள்.)

ஆனால் அந்த ஒட்சிசனை யார் வாங்கி வைப்பது? என் கருத்தில், சிலிண்டரை நிரப்பிக் கொடுத்து இறாலை எடை போட்டு வாங்குகிறவரே. சினை இறாலைப் பிடிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. அதே அக்கறையோடு, சுழியோடியை இறக்கும் ஒவ்வொரு படகிலும் ஒட்சிசன் இருக்கிறதா, இறங்குபவர் பயிற்சி பெற்றவரா என்று பார்த்த பின்னரே கடற்றொழில் திணைக்களம் அனுமதி வழங்கட்டும். திருகோணமலை அமுக்க அறைக்கு நோயாளியை அனுப்பும் வழியும் அழைக்க வேண்டிய இலக்கமும் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையின் சுவரிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் தமிழில் ஒட்டப்படட்டும்.