வீடு பார்க்க வந்தவர் சொன்னதும் சொல்லாததும்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வீடு என்றால் அது பெரும்பாலும் பெண்ணின் வீடுதான். வாப்பாவும் காக்காமாரும் பாடுபட்டுக் கட்டி, கல்யாணத்தோடு அவளுக்குக் கொடுத்தது. அதனால் வாங்க வருகிறவர் ஒரு குறை சொன்னால், நம் உம்மா வாப்பாவையே சொன்னது போல நெஞ்சில் தைக்கிறது.

எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவர், இளைய மகளுக்கு வீடு கட்டுவதற்காகத் தனது பழைய வீட்டை விற்க நினைத்தார். ஐந்து குடும்பங்கள் வந்து பார்த்தன. "குசினி இருட்டு" என்றார் ஒருவர். "சுவரில் ஈரம்" என்றார்கள் மூவர். ஐந்தாமவர் ஒரு குறையும் சொல்லவில்லை. உறுதியின் பிரதியை மட்டும் வாங்கிக்கொண்டு, "யோசித்துச் சொல்கிறோம்" என்று போனவர் திரும்பி வரவில்லை. ராத்தாவுக்குக் கோபம். மகள்தான் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினாள். நாமும் அப்படியே செய்து, மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, திருத்தக்கூடியவை. ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய விருப்பமாக இருக்கலாம். மூவர் சொன்னால் அது வீட்டின் குறை. ஈரத்தை வர்ணம் பூசி மறைக்காதீர்கள். ஒழுக்கை அடைத்துவிட்டுப் பூசுங்கள்.

இரண்டாவது, திருத்த முடியாதவை. "கடல் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கரையோரத்தில் சாதாரணமானது. 2005இல் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று சொல்லப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கிறது. இதற்குக் கோபிக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். விலையைத் தரகரிடம் மட்டும் கேட்காமல், அண்மையில் பக்கத்தில் விற்றவர்களிடம் ஒரு பேர்ச் என்ன விலைக்குப் போனது என்றும் விசாரியுங்கள்.

மூன்றாவது, பத்திரங்கள். "உறுதி யார் பெயரில்?" என்று கேட்பவர் உங்களைச் சந்தேகிக்கவில்லை. உண்மையாகவே வாங்க நினைப்பவர்தான் அதைக் கேட்பார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரமோ மானியப் பத்திரமோ உள்ள காணியென்றால், பிரதேச செயலாளரின் முன் அனுமதியில்லாமல் கைமாற்றுவது செல்லாது.

ஐந்தாமவரிடம் மகளே போய், "வாங்காவிட்டாலும் பரவாயில்லை, எது தடையென்று சொல்லுங்கள்" என்று கேட்டாள். அவர் காணிப் பதிவகத்தில் பார்த்திருந்தார். மர்ஹூம் வாப்பா காலத்தில் வைத்த ஈடு பதிவில் அப்படியே கிடந்தது. கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. மீட்பு எழுதிப் பதியவில்லை. முகத்துக்கு நேரே சொல்ல அவருக்குச் சங்கடம். மீட்பு எழுதிப் பதிந்த பின் அவரே வாங்கினார்.

சகோதரிகளே, உங்கள் பெயரில் உள்ள வீட்டின் பேச்சில் நீங்களும் இருங்கள். தரகர் வழியாக வரும் சொல் பாதிதான். குறை சொன்னவரை விட, ஒன்றும் சொல்லாமல் போனவரிடம்தான் ஒரு தடவை அதிகமாகக் கேட்க வேண்டும்.