மாணவர் வந்தனர்; மானியம் எங்கே?

செண்பகத்தோப்பு மலையிலே மழை கொட்டினால் ஓடை பெருகும். ஓடை பெருகினால் கண்மாய் நிறையும் என்று வயல் காத்திருக்கும். ஆனால் கண்மாயின் கரை உடைந்து கிடந்தால்? வந்த வெள்ளம் வீணே போகும், பயிர் வாடும். குற்றம் வானத்தினுடையதா, கரையைக் கவனியாதவருடையதா?

தமிழ்நாட்டுப் பல்கலைக் கழகங்களின் நிலையும் இன்று இதுதான், தோழர்களே!

மழைக்குக் குறைவில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கல்லூரி வயதினர் நூறு பேருக்கு, உயர்கல்வியில் சேர்ந்தோர் இந்தியா முழுவதிலும் 28; தமிழ்நாட்டிலே 47! 2035க்குள் 50 என்பது டில்லி 2020இல் வகுத்த கொள்கையின் இலக்கு. அந்த இலக்கின் வாசற்படியிலே நாம் அப்போதே நின்றோம்.

இது தானாக வந்ததா? இல்லை. 2006இல் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கிச் சட்டம் வந்தது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரி புகுந்த மாணவியர்க்கு 2022இல், மாணவர்க்கு 2024இல், மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் வந்தன. கதவு திறந்தது, பிள்ளைகள் வந்தனர்.

வந்த பிள்ளைகளைத் தாங்கும் கரை எப்படி இருக்கிறது?

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரக் கலைக் கல்லூரிகளுக்குத் தாய், மதுரைப் பல்கலைக் கழகம். 1966இல் பிறந்தது, 1978இல், விருதுநகர் ஈன்ற காமராசரின் பெயரைச் சூடியது. 1971இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிற்று. நூற்பாலையிலே இரவு ஷிப்டு முடித்தவரும், கடையிலே கணக்கெழுதியவரும், அடுப்படியை விட்டு அகலமுடியாத தாய்மாரும் பட்டம் பெற வழி பிறந்தது. பெருமைப்படத்தக்க பணி!

ஆனால், அந்த அஞ்சல் கட்டணமே பல்கலைக் கழகத்தின் பணப்பெட்டிக்கு ஊற்றாகிவிட்டது. சம்பளமும் ஓய்வூதியமும் ஆண்டுதோறும் ஏறும். அஞ்சல் மாணவர் தொகையும் அப்படியே ஏறும் என்று எவர் உறுதி தந்தார்? நிலையான செலவுக்கு நிலையில்லா வருமானம்! எந்தக் குடும்பம் இப்படி நடத்தினால் நிலைக்கும்?

2017இல் பல்கலைக் கழக மானியக் குழு தொலைநிலைக் கல்விக்குப் புதுவிதி வகுத்தது. மாநிலப் பல்கலைக் கழகம் தன் எல்லை தாண்டக் கூடாது. படிப்பு மையங்களைக் குத்தகை போல் பிறரிடம் விடக் கூடாது. தரமற்ற கடைகளை மூடுவதை நாம் எதிர்க்கவில்லை, மூடத்தான் வேண்டும். நாம் கேட்பது வேறு. வருவாயின் ஊற்றை அடைப்பவர், வறண்ட வாய்க்குத் தண்ணீர் எங்கே என்று எண்ணிப் பார்த்தாரா? மானியக் குழு என்று பெயர். விதி வருகிறது, அதன் பின்னே மானியம் வரக் காணோம்!

விளைவு? 2024இல் ஆசிரியரும் ஊழியரும் சம்பளம் கேட்டும், முதியோர் ஓய்வூதியம் கேட்டும் அந்த வளாகத்திலே போராடினர். ஏழைக்குக் கல்வி தந்த காமராசர் பெயர் தாங்கிய இடத்திலே, கல்வி தந்தவர் வீட்டு அடுப்பு எரியவில்லை!

1976இல் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயிற்று. அன்று முதல் அதிகாரம் டில்லியிலே, செலவு சென்னையிலே, அவதி செண்பகத்தோப்பிலே! ஆனால் டில்லியைச் சாடிவிட்டுச் சென்னையை மறந்துவிட நாம் தயாரில்லை. ஆள்பவர் எவராயினும் கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று: ஓய்வூதியச் சுமையை அரசு கருவூலம் ஏற்கட்டும், இன்றைய மாணவனின் கட்டணத்திலே நேற்றைய கடன் தீர்க்கப்படலாகாது.

இரண்டு: பயிலும் மாணவர் தொகைக்கேற்ப மானியம், ஐந்தாண்டுக்கு முன்கூட்டியே உறுதியாகட்டும்.

மூன்று: டில்லி விதியை மாற்றி வருவாயைக் குறைத்தால், குறைந்ததை டில்லியே ஈடு செய்யட்டும்.

இல்லையேல் என்னாகும்? கட்டணம் ஏறும், காலியிடம் நிரப்பப்படாது. பணக்காரன் பிள்ளை தனியார் கல்லூரிக்குப் போய்விடுவான். பஞ்சாலைத் தொழிலாளியின் மகளும், மலையடிவாரத்துப் பளியர் வீட்டுப் பையனும் எங்கே போவார்கள்?

வாக்குக் கேட்டு வருவோரிடம், சாலை கேட்கிறோம், விளக்குக் கேட்கிறோம். இனி, பல்கலைக் கழகத்தின் வரவு செலவுக் கணக்கையும் கேட்போம். நம் பிள்ளைகள் படிக்கும் இடம். கணக்கைக் கேட்கும் உரிமை நம்முடையது!