பழகிய செவி

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கை, கேட்டலின் சிறப்பைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர். திருமழிசையாழ்வாரின் சொல்கேட்டுக் கச்சியை நீங்கிய திருமால் ஓரிரவு தங்கிய இடமாதலின், ‘ஓர் இரவு இருக்கை’ என்பதே ஓரிக்கை என மருவியது என்பர். மீண்டும் ஆழ்வார் அழைக்கத் திரும்பிய திருவெஃகாப் பெருமாளுக்குச் ‘சொன்ன வண்ணம் செய்த பெருமாள்’ என்றே பெயர். தறியொலியும் கோயில் மணியோசையும் நிறைந்த இவ்வட்டாரத்தில், செவி தாங்கும் அளவு எது என்பது இன்று எண்ணத்தக்கது.

செவிப்பறை ஏறத்தாழ 1 செ.மீ. விட்டமும் 0.1 மி.மீ. தடிப்பும் உடைய சவ்வு. ஒலியலை மோதியதும் அது மத்தளத் தோல்போல் அதிர்கிறது. அவ்வதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவியின் சிறு வாயிலுக்குக் கடத்துகின்றன. அகன்ற செவிப்பறை பெற்ற விசை, குறுகிய அவ்வாயிலில் குவிவதால் அழுத்தம் ஏறத்தாழ 20 மடங்காகிறது. இப்பெருக்கம் இல்லையேல் காற்றின் மெல்லதிர்வால் உட்செவி நீர்மத்தைப் போதிய அளவு அசைக்க இயலாது. நீர்மத்தின் அசைவை மயிர்ச்செல்கள் நரம்புத் துடிப்பாக்கி மூளைக்கு அனுப்புகின்றன.

செவிக்குள் குச்சி நுழைத்தலைப் பெரியோர் கடிவது முறையே. ஆயினும், செவிப்பறையில் விழும் சிறுதுளை பெரும்பாலும் தானே ஆறிவிடும். நெடுநாள் பேரொலியால் மடிந்த மயிர்ச்செல்களோ மீண்டும் தோன்றா. செவிப்பறை குறைவின்றி அதிர்ந்தாலும் அச்செய்தியை ஏற்க உள்ளே எவரும் இரார்.

இந்நிலையில், ‘சத்தம் பழகிவிட்டது’ என்று ஆறுதல் கொள்வது பிழை. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் விசைத்தறிகளின் இரைச்சலால் தொழிலாளர் உதட்டசைவைக் கொண்டே உரையாடப் பழகினர். பலர் கேட்கும் திறனையும் இழந்தனர். பழக்கம் எனத் தோன்றியது உண்மையில் இழப்பின் தொடக்கமே.

கண்ணை மூட இமையுண்டு. செவிக்கு அத்தகைய காப்பில்லை. எனவே, செவியைக் காக்கும் பொறுப்பு கேட்பவரைவிட ஒலி எழுப்புபவரையே மிகுதியும் சாரும். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. ஆலை உரிமையாளர் செவிக்காப்பு வழங்குதலும், விழாக்குழுவினர் ஒலிபெருக்கியை அடக்கி வைத்தலும், இளையோர் காதொலிப்பானின் ஒலியைக் குறைத்தலும் சலுகைகள் அல்ல, கடமைகள். சொன்னதைக் கேட்ட இறைவனைப் போற்றும் மண்ணில், கேட்கும் திறனைக் காத்தலும் ஒரு வழிபாடே.